முதல் தண்ணி

லூர்துநாதனை எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று ராயப்பன்பட்டியில் சொல்வார்கள். அது அவன் காதுக்கும் வந்திருக்கிறது. சிரித்துக்கொள்வான். ஆனால் தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவன் கர்ணன். ஊருக்கு மேற்கே, மலையைப் பார்த்த ஓடைக்கரையில் அவனுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர்த் திராட்சை. பந்தலுக்கு நடுவில் கிணறு, கிணற்றை ஒட்டி வீடு. அந்தத் தண்ணீரில் பருப்பு வெண்ணெயாக வேகும், சாயா போட்டால் நிறமே தனி என்று பெண்கள் குடத்தோடு வருவார்கள். இப்போது ஆண்கள் மொபெட்டில் கேனைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வருகிற நாளில்கூட வருவார்கள். லூர்து யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. நாலு பேர் நடுவில் அவன் நெஞ்சை நிமிர்த்திப் பேசுவதற்கு அவனிடம் இருந்ததே அந்த ஒரு கிணறுதான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். மும்முனைக் கரண்டு வந்து மோட்டார் ஓடத் தொடங்கியதும் குழாயில் வருகிற முதல் தண்ணி அடுப்படிக்குத்தான். லூர்துவின் பெண்டாட்டி சகாயராணி பானையோடு தயாராக நிற்பாள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு அடுப்படிப் பானைகளை நிறைப்பாள். அதற்கப்புறம்தான் மாட்டுத் தொட்டி, துணி துவைக்கிற கல், ஊர்க்காரர் கேன். கடைசியில் கொடிக்கு. வேறு யார் கையும் படுமுன் பிடித்த தண்ணி என்பதில் அவளுக்கு ஒரு திருப்தி. அந்தப் பக்கத்துத் தோட்ட வீடுகள் எல்லாவற்றிலும் இதே நடைமுறைதான். வேதக்காரர், இந்து என்ற வித்தியாசம் இதில் கிடையாது.

சித்திரையிலிருந்து அந்த வீட்டுக்கு நேரம் சரியில்லை. மூன்று வயதுப் பயல் ரெமிக்கு உடம்பு படுத்தியது. நன்றாக விளையாடிக்கொண்டிருக்கிறவன் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருளுவான். வாயில் எச்சில் நூலாக வடியும். வேர்த்துக் கொட்டும். எழுந்து நின்றால் கால் பின்னும். உத்தமபாளையத்தில் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள். தேனியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்கேன் எடுத்தார்கள். அங்கே மறுநாளே பயல் கட்டிலில் ஏறிக் குதிப்பான். எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து சில நாளில் பழைய குருடி கதவைத் திறடி. போன தடவை மூச்சே இழுத்துவிட்டது. இன்னொரு தடவை இப்படி வந்தால் பிள்ளை தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

"தேனிக்குப் போனா புள்ள ஆடுது, ஓடுது. இங்கன வந்தா வாழத்தண்டாட்டம் சாயுது" என்றாள் சகாயராணி. "இந்த எடத்துலதாங்க என்னமோ இருக்கு."

"எடத்துல என்னடி இருக்கு? எங்கப்பன் இருந்த எடம். நான் பொறந்து வளந்த எடம்."

"ஓடக்கரையில முன்ன யாரோ தூக்குப் போட்டுச் செத்தாகளாம்ல."

"வேதக்காரப் பொம்பள பேசுற பேச்சா இது? பங்குச் சாமியார் காதுல விழுந்துச்சு, அம்புட்டுதான்."

"விழுகட்டும். அவுக வந்து தீர்த்தம் தெளிச்சுப் புள்ளைக்கும் ஒரு மடக்குக் குடுத்துட்டுப் போனாக. அன்னைக்குத்தான் ரெம்ப ஆச்சு. என்னத்தச் சொல்ல."

சாமியார் மந்திரித்துக் கொடுத்ததும் அவளுடைய அடுப்படிப் பானைத் தண்ணீரைத்தான். அது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

இந்த லட்சணத்தில் மூத்தவள் அமலி ஒருநாள் கழுத்தில் நீல நாடா மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். ஊர் நடுநிலைப்பள்ளியில் ஏழாம் வகுப்பு. நாடாவில் அட்டை தொங்கியது. அதில் அவள் படம், பெயர், கீழே 'தண்ணீர்ப் பரிசோதகர்'.

"என்ன ஆத்தா இது? தாசில்தாரம்மா மாதிரி தொங்கவிட்டு வந்திருக்க."

"ஐடி கார்டுப்பா. எங்க குரூப்புக்குத் தண்ணி சோதிக்கிற வேல. பவானி டீச்சர் குடுத்தாக."

"பாடம் நடத்தலையா ஒங்க டீச்சரு?"

"இதுதாம்ப்பா பாடம். ஒரு வேலைய எடுத்துக்கிட்டு நெசமாவே அத செய்யணும். அறிவியலு, கணக்கு எல்லாம் அதுக்குள்ளயே வந்துரும். அஞ்சாப்புப் புள்ளைக மழைய அளக்குறாக. எட்டாப்பு அண்ணனுக பாலம் கட்டி, அதுல செங்கல்ல அடுக்கி எப்ப ஒடியுதுன்னு பாக்குறாக. கடைசியில கண்காட்சி. அப்பா அம்மால்லாம் வரணுமாம்."

லூர்துவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வேல செஞ்சு எங்க இடுப்பு ஒடியுது, நீயாவது படிச்சுப் பொழச்சுக்கட்டும்னு அனுப்புனா, அங்கன போயும் வேலையா? நல்லாருக்கு நாயம்! அதுக்கு இங்கன இருந்து கொடிக்கு மருந்தடிக்கலாம்ல?"

"போப்பா. வீட்டுல குடிக்கிற பானையில இருந்து ஒரு பாட்டில் எடுத்துட்டு வரச் சொன்னாக. கிணத்துல இருந்து இல்ல, குடிக்கிற பானையில இருந்து."

"நம்ம தண்ணிய என்னத்தச் சோதிக்கப் போற? கைப்புண்ணுக்குக் கண்ணாடியா?"

"பரிசோதகர் மொகத்தாச்சண்யம் பாக்கக் கூடாதாம்ப்பா. யாரு வீட்டுத் தண்ணியா இருந்தாலும் வந்தத வந்தபடி சொல்லணுமாம். அப்பத்தான் அந்த வேலைக்கு மதிப்பாம்."

"சொல்லு, சொல்லு. அமிர்தம்னு சொல்லு" என்று பாட்டிலை அவனே கழுவிக் கொடுத்தான்.

அன்றைக்குச் சந்தோசமாகப் போனவள்தான். அந்த வாரமே மறுபடியும் ஒரு பாட்டில் கேட்டாள். பிறகு இன்னொன்று. கேட்டபோது அவள் முகம் சரியில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். தம்பி தண்ணீர் கேட்டபோது தம்ளரைக் கையில் வாங்கி மோந்து பார்த்துவிட்டு, பஞ்சாயத்துக் குழாயில் பிடித்து வருகிறேன் என்று வெளியே ஓடினாள். தம்பி மேல் வைத்திருக்கிற பாசம் என்று சகாயராணி நினைத்தாள்.

லூர்துவுக்கு இதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. மலையிலிருந்து சாரல் இறங்கிவிட்டது. ஆடிக் காற்று பந்தலைப் பிய்த்தெடுத்தது. பிஞ்சு விட்ட நேரத்தில் சாரல் பட்டால் இலைக்கு அடியில் சாம்பல் பூக்கும். அசந்தால் ஒரே ராத்திரியில் கொத்து கொத்தாகக் கருகிப்போகும். ஆகையால் இரண்டு நாளைக்கு ஒரு மருந்து. பூஞ்சணத்துக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று, இரண்டையும் சேர்த்து டிரம்மில் கலக்கி ஸ்பிரேயரில் அடிப்பான். தலையில் துண்டு, வாயில் துண்டு, கண் மட்டும் வெளியே. மேலே பார்த்து அடிப்பதால் பாதி மருந்து அவன் மேலேயே சொட்டும். துணியில் வாடை, தலையணையில் வாடை, சட்னியில்கூட வாடை. அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அது மூக்கில் ஏறுவதே இல்லை. தலை வலித்தால் வெயில் என்பான். சகாயராணி கண் மங்கலாக இருக்கிறது என்றால் கண்ணாடி போட வேண்டும் என்பான்.

கண்காட்சி ஒரு சனிக்கிழமை. வெறுங்கையோடு போகக் கூடாது என்று லூர்துவுக்குத் தோன்றியது. மிட்டாய் வாங்கிப் போகிற வழக்கம் அவனிடம் கிடையாது. காலையில் மோட்டார் ஓடியதும் பெரிய கேன்கள் இரண்டை முதலில் நிறைத்து, மொபெட்டில் கட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வராந்தாவில் இறக்கிவைத்தான்.

"வந்தவுகளுக்குக் குடிக்கக் குடுங்க. காசு குடுத்து வாங்குற கேன் தண்ணியெல்லாம் இதுகிட்ட நிக்காது" என்று அங்கே நின்ற தாய்மாரிடம் சொன்னான். அவர்களும் தம்ளர்களை அடுக்கினார்கள்.

உள்ளே ஒரே அமளி. பொதுவாகப் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஆட்கள்கூட வந்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து வேல்பாண்டி, ஐஸ் குச்சியில் கட்டிய பாலத்தின் மேல் செங்கல் ஏறுவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மூலையில் நர்ஸ் குல்லா வைத்த சிறுமிகள் வருகிறவர் போகிறவர் நாடியைப் பிடித்து எண்ணினார்கள். தண்ணீர் மேசையில் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டுத் தண்ணீர், உள்ளே இரண்டு மூன்று குட்டி மீன்கள், முன்னால் வீட்டின் பெயர். தெருத் தொட்டிகளில் கொசுப் புழு தின்ன விடுகிற மீன்கள்தான். எல்லா ஜாடியிலும் வாலாட்டிக்கொண்டிருந்தன.

"நம்ம ஜாடி எங்கத்தா?" என்றான் லூர்து.

அமலி டீச்சரைப் பார்த்தாள். பவானி டீச்சர் குறுக்கே வந்தார். சின்னமனூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர், மெலிந்த குரல். "அண்ணே, ஒங்க வீட்டு ஜாடிய வைக்கல. அதுல ஒரு சந்தேகம் இருக்கு. தேனி லேபுக்கு அனுப்பிருக்கோம். கண்காட்சி முடிஞ்சதும் நானே வீட்டுக்கு வந்து பேசுறேன்."

"சந்தேகமா? எங்க தண்ணியிலயா?"

அதற்குள் வராந்தாவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தண்ணீர் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அமலி அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். நீல மூடி போட்ட அந்தக் கேன்கள் அவளுக்குத் தெரியும். மேசையைச் சுற்றிவரக்கூட அவள் பொறுக்கவில்லை. மேசையில் இடித்து, ஜாடி ஒன்று உருண்டு உடைய, வராந்தாவுக்குப் பாய்ந்தாள்.

"குடிக்காதீக! குடிக்காதீக! அது எங்க வீட்டுத் தண்ணி! மீனு செத்துப் போச்சு!"

முதல் பையன் கையிலிருந்த தம்ளரைத் தட்டிவிட்டாள். அடுத்தவள் தம்ளரையும் தட்டிவிட்டாள். பிள்ளைகள் வீறிட்டு அழுதார்கள். கண்காட்சி முழுவதும் அப்படியே நின்றுவிட்டது. மேசைத் துணிக்கு அடியில் மறைத்துவைத்திருந்த ஜாடியை அவளே ஓடிப்போய் எடுத்து வந்து எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. மூன்று மீன்களும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

"மூணு தடவ சோதிச்சேன். மூணு தடவையும் செத்துச்சு."

லூர்துவுக்கு ஊர் முழுக்கத் தன்னைப் பார்ப்பது மட்டும் தெரிந்தது. பிறந்ததிலிருந்து அவன் அவள் மேல் கைவைத்ததில்லை. அன்றைக்கு வைத்தான். நீல நாடா அறுந்து அட்டை போய்ச் சுவரோரம் விழுந்தது.

"அடிக்காதீங்கண்ணே!" என்று டீச்சர் நடுவில் புகுந்தார்.

"எங்கப்பன் வெட்டுன கெணறு! இந்த ஊரே குடிச்ச கெணறு! கொசு மீனு செத்துச்சுன்னு சபையில வச்சு ஏம் மானத்த வாங்குறியா?" அவன் கேனைச் சாய்த்து ஒரு தம்ளர் பிடித்தான். எல்லாரும் பார்க்க மடமடவென்று குடித்தான். இன்னொரு தம்ளர் பிடித்து அதையும் குடித்தான். "செத்தனா? பாருங்க, செத்தனா?"

ஒரு மடக்குக் குடித்திருந்த இரண்டு பிள்ளைகளை டீச்சர் ஆட்டோவில் ஏற்றிச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சாயங்காலம் தெரிந்தது. அமலி கன்னத்தைப் பொத்திக்கொண்டு அட்டையைப் பொறுக்கி எடுத்தாள். நாடாவை முடிபோட்டு மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். லூர்து அவள் பின்னாலேயே வந்து அவளைத் தாண்டி மொபெட்டில் போனான். ஏறிக்கொள் என்று சொல்லவில்லை.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. வீட்டில் யாரோடும் பேசாமல் தோட்டத்துக்குள் போனான். கோபம் வந்தால் வேலையில் இறங்குகிற ஆள் அவன். சாரல் கொஞ்சம் ஓய்ந்திருந்தது, அடிக்க வேண்டிய மருந்து இருந்தது. மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் கிடந்த டிரம்மை நிமிர்த்தி இரண்டு மருந்தையும் அளந்து ஊற்றினான். கரண்டு இல்லை. எப்போது வருமென்று யாருக்குத் தெரியும்? ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கிறது, வந்தால் தானே ஓடும். ஓஸ் குழாயின் வாயில் ஒரு கல்லைக் கட்டி டிரம்மின் அடியில் போட்டான். மேலே விட்டால் தண்ணீர் வருகிற வேகத்தில் குழாய் பாம்பாகத் துள்ளி வெளியே விழும், மருந்தும் நுரைத்துக்கொண்டு போகும். அடியில் கிடந்தால் தண்ணீர் ஏற ஏறத் தானே கலந்துவிடும். பள்ளத்தாக்கு முழுக்க எல்லாரும் செய்கிற காரியம்தான் இது. குச்சியை வைத்துக் கலக்குகிற வேலை மிச்சம்.

கொஞ்ச நேரத்தில் கரண்டு வந்தது. மோட்டார் முனகிக்கொண்டு ஓடியது. வீட்டுப் பக்கம் சகாயராணி பானையை உருட்டுகிற சத்தம் கேட்டது. டிரம் பால் நிறத்தில் ஏறியது. லூர்து படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். டிரம் விளிம்பைத் தொடப் போகிற சமயத்தில் கரண்டு போய்விட்டது.

அவன் எழுந்திருக்கவில்லை. குழாய்க்குள் தண்ணீர் கடகடவென்று கிணற்றுக்கு இறங்குகிற சத்தம் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம். சித்திரையில் எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக் காயிலைப் புதிதாகக் கட்டியபோது மெக்கானிக் சொன்னான், 'அண்ணே, வால்வு போயிருச்சு, ஏறுன தண்ணி நிக்காம எறங்கிரும், மாத்திரலாமா?' என்று. 'தண்ணி மேல வருதுல்ல, பெறகு பாத்துக்கலாம் விடு' என்றான் லூர்து. அதிலிருந்து அந்தச் சத்தம்.

பீடியைக் காலில் போட்டு மிதித்துவிட்டு டிரம்மைப் பார்த்தான். விளிம்பை ஒட்டி ஏறியிருந்த மருந்து ஒரு சாண் கீழே இருந்தது.

டிரம்மில் ஓட்டையா என்று குனிந்து பார்த்தான். அடியில் தரை காய்ந்து கிடந்தது. நிமிர்ந்தபோது இன்னும் நாலு விரல் இறங்கியிருந்தது. அவன் பார்க்கப் பார்க்கவே இறங்கியது. பதறிக் கையை உள்ளே விட்டுக் குழாயின் வாயைத் துழாவினான். குழாய் அவன் உள்ளங்கையை இறுக்கிப் பிடித்தது. சின்னப்பிள்ளை இளநீரில் குழல் வைத்து உறிஞ்சுவதைப் போல உறிஞ்சியது.

கையைப் பிய்த்து எடுத்தான். குழாயை உருவி வெளியே எறிந்தான். அது தரையில் கிடந்து காற்றை இழுத்தது. அரை டிரம் மருந்து கிணற்றுக்குள் போயிருந்தது.

லூர்து நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். சித்திரையில் வால்வு போனது. சித்திரையிலிருந்து மருந்தடிக்கிற நாளெல்லாம் டிரம்மில் குழாய் கிடந்தது. கரண்டு போகிற போதெல்லாம் குழாய் குடித்தது. குடித்தது குழாயிலும் மோட்டாரைச் சுற்றியும் நின்றது. மறுபடி கரண்டு வந்ததும் முதலில் மேலே வந்தது. முதல் தண்ணி யாருக்கு? சித்திரையிலிருந்துதான் ரெமி படுத்தான். தேனியில் பயல் ஏன் குதித்தான் என்பதும், வீட்டுக்கு வந்தால் ஏன் சாய்ந்தான் என்பதும் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்குத் தன் கையாலேயே அளந்து ஊற்றியிருக்கிறான்.

"சகாயம்!" என்று கத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். "சகாயம், குடுக்காத! தண்ணியக் குடுக்காத!"

அடுப்படியில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் காலால் உதைத்தான். பானைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வாசலில் எறிந்தான். சகாயராணி அவனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று சுவரோடு ஒண்டினாள்.

"என்னங்க ஆச்சு? என்ன பேய் புடிச்சது ஒங்களுக்கு?"

"மருந்து, புள்ள. கெணத்துக்குள்ள மருந்து போகுது. டிரம்முல இருந்து குழாய் இழுக்குது. ஏங் கண்ணால பாத்தேன். நீ புடிக்கிற மொதத் தண்ணி அம்புட்டும் மருந்து."

அவள் வாசலில் சிதறிக் கிடந்த பானைகளைப் பார்த்தாள். "நான் அவனுக்கு வகுறு வலிக்குதுன்னு வெந்நி வச்சு வச்சுக் குடுத்தேனே" என்றாள். அவ்வளவுதான். அப்படியே தரையில் சரிந்தாள்.

உள்ளே பாயில் ரெமி கிடந்தான். கொஞ்சம் முன்னால்தான், காய்ச்சினால் ஒன்றும் செய்யாது என்று நம்பிச் சகாயராணி கொடுத்த ஒரு தம்ளர் வெந்நீரைக் குடித்திருக்கிறான். நெற்றி நனைந்திருந்தது, வாயோரம் எச்சில் இறங்கத் தொடங்கியிருந்தது. அமலி அவன் தலையை மடியில் வைத்து பாவாடை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் விரல் தடம் அப்படியே இருந்தது.

"அப்பா, மருந்து டப்பாவ எடுத்துக்கிருங்க" என்றாள். "எந்த மருந்துன்னு தெரிஞ்சா டாக்டரு அதுக்குண்டான ஊசியப் போட்ருவாகளாம். டீச்சர் சொன்னாக. இம்புட்டு நாளும் என்னன்னு தெரியாமத்தான் பாத்திருக்காக. இப்பத்தான் டீச்சருக்குப் போன் போட்டேன், ஆஸ்பத்திரிக்குப் பேசுறேன்னு சொல்லிருக்காக."

லூர்து மோட்டார் ரூமுக்கு டப்பாக்களை எடுக்க ஓடினான்.

சுருளியாண்டியின் ஆட்டோ வந்தது. சகாயராணி பயலை மடியில் போட்டுக்கொண்டாள். சர்ச் முக்கு வந்தபோது சாயங்காலப் பூசைக்குக் கூட்டம் சேர்ந்திருந்தது. பூசைக்கு வராதவர்களும் அரசமரத்தடி டீக்கடையில் நின்றார்கள். காலையில் நடந்ததைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது ஆட்டோவைக் கண்டதும் வாய் மூடியதில் தெரிந்தது.

"வண்டிய நிப்பாட்டு" என்றான் லூர்து. "இதுல பாதிப் பேரு வீட்டுல நம்ம தண்ணிதான் இருக்கு."

"சொல்லிட்டு ஓடியாங்க" என்றாள் சகாயராணி. "நின்னு பேசாதீக."

அவன் இறங்கி நடு ரோட்டில் நின்றான். மருந்து வேட்டி, கலைந்த தலை. அவனுக்குப் பேச வராது. அன்றைக்குக் கத்தினான்.

"ஏங் கெணத்துத் தண்ணிய ஒருத்தரும் குடிக்காதீக! வீட்டுல இருக்குறதக் கொட்டிருங்க! எம்மக சொன்னது நெசம். அவள சபையில வச்சு அடிச்சேன். ஏங் கையி அழுகிப் போகணும். டிரம்முல மருந்தக் கலந்து ஓஸ உள்ள போட்டுவச்சேன். கரண்டு போகவும் அது மருந்த உறிஞ்சிக் கெணத்துல விடுது. ஏம் புள்ள அதத்தான் குடிச்சிருக்கான். நான்தான் குடுத்திருக்கேன்."

வசவு வரும் என்று எதிர்பார்த்தான். வந்தால் நல்லது என்றுகூட இருந்தது. ஒருவரும் வையவில்லை. டீக்கடைப் பக்கத்திலிருந்து வேல்பாண்டி மெதுவாக வந்தான். தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் அவன் தோட்ட வீட்டில்தான் இருந்தாள்.

"ஓஸுல கல்லக் கட்டித்தான போடுற?" என்றான்.

"ஆமா."

"அப்படித்தான நாம எல்லாரும் போடுறோம்." வேல்பாண்டியின் குரல் இறங்கிவிட்டது. "உறிஞ்சுறது எப்படிடா தெரியும்? மோட்டாருல எதுவும் வித்தியாசமா இருக்குமா?"

"வால்வு போயிருந்தா உறிஞ்சும். கரண்டு போனதும் குழாய்க்குள்ள கடகடன்னு தண்ணி எறங்குற சத்தம் கேக்கும். அம்புட்டுதான். வேற ஒண்ணும் தெரியாது."

கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் தன் மோட்டாரை மனதுக்குள் கேட்டுப் பார்த்தார்கள்.

"எனக்குக் கேக்குது" என்றான் வேல்பாண்டி. "ரெண்டு வருசமாக் கேக்குது."

"எனக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொருவன் ஒன்றும் சொல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேற்கே ஓடினான். அதைப் பார்த்து வேல்பாண்டி ஓடினான். மற்றவர்கள் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்கள். ரோடு முழுக்கக் காதில் போனோடு ஆட்கள் நின்று ஒரே பேச்சைப் பேசினார்கள். "கொட்டு. பானையில இருக்குறதக் கொட்டு. ஏன்னு கேக்காத, கொட்டுடி." பூசை மணி அடித்தது. கோயிலுக்குள் ஒருவரும் போகவில்லை.

லூர்து ஓடிவந்து ஆட்டோவில் ஏறினான். வண்டி கிளம்பவில்லை. சுருளியாண்டி சாவியைத் திருகாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டுக்கும் பக்கத்துத் தோட்டத்து மோட்டார்த் தண்ணிதான்.

"வண்டிய எடுங்கண்ணே" என்றாள் சகாயராணி. "புள்ளைக்கு மூச்சு வாங்குது."

"ஒரு நிமிசம் ஆத்தா. மணி போகுது, எடுக்க மாட்டேங்குறாளே. பேரன் வேற இன்னைக்குத்தான் வந்திருக்கான்." மறுபடி போட்டான். மணி போய்க்கொண்டே இருந்தது.

அமலி முன்னால் குனிந்து அவன் தோளைத் தட்டினாள். "எடுங்க மாமா. ஒங்க வீடு போற வழியிலதான இருக்கு. நான் எறங்கிச் சொல்லிக்கிறேன். நீங்க தம்பியக் கொண்டுபோங்க."

சுருளியாண்டி அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு வண்டியை எடுத்தான். அவன் தெருமுனையில் வேகத்தைக் குறைத்தபோது, முழுதாக நிற்பதற்குள் அமலி குதித்துவிட்டாள். லூர்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் நிற்கவில்லை. கழுத்து அட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, திறந்து கிடந்த கதவு வழியே உள்ளே ஓடினாள். ஆட்டோ தேனி ரோட்டில் திரும்பும்போது அந்த வீட்டுக்குள் பாத்திரம் ஒன்று விழுந்து உருள்கிற சத்தமும், அதைத் தொடர்ந்து ஒரு குழந்தை வீறிட்டு அழுகிற சத்தமும் கேட்டன.

"பேரன்தான் அழுகுறான்" என்றான் சுருளியாண்டி. "அழுகுறான்ல?" என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டு வண்டியை விரட்டினான்.